ஓ குரூப்புக்கு டெங்கு வராதா? ரத்த வகையும் தொற்றுநோயும் பற்றிய செய்திகளை எடைபோடும் முறை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை எனக்கு. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கட்டிலில் படுத்ததும் ஊசியைப் பார்க்காமல் இருப்பதற்காக ஏதாவது பேசுவார்கள். அதில் பாதி குரூப் பற்றியதுதான். "எக்கா, ஓ பாசிட்டிவுக்கு டெங்கு வராதாம்லா?" "ஏ குரூப்புக்குத்தான் கொரோனா சீக்கிரம் ஒட்டுமாமே?" "எங்க வீட்ல என்னைய மட்டும்தான் கொசு கடிக்கி, ரத்த வகைதான் காரணமா?" எல்லாம் வாட்ஸப்பில் வந்தவை. இதில் சில பாதி உண்மை, சில முழுப் பொய், ஒன்றிரண்டு நிஜமாகவே உண்மை. எதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவர்களிடம் சொல்வதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் குரூப் என்ன என்று நீங்கள் நினைப்பது சரிதானா என்று பாருங்கள். பள்ளி அடையாள அட்டையில் எழுதியிருப்பதை நம்பிப் பலர் வாழ்நாள் முழுக்க ஓட்டிவிடுகிறார்கள். முகாமில் நாங்கள் செய்வது ஸ்லைடு சோதனை. வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு ரத்தம். சோதனைத் திரவம் மூன்று: ஒன்றில் நீல நிற ஆன்டி-ஏ, இன்னொன்றில் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் நிறமில்லாத ஆன்டி-டி. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குச்சியால் கலக்கி, தட்டை இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். பொருந்தும் இடத்தில் ரத்தம் மணல் மணலாகத் திரளும். பொருந்தாத இடத்தில் வழவழவென்று அப்படியே கிடக்கும். இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஓரம் காய்ந்து, திரளாததும் திரண்ட மாதிரி கண்ணுக்குத் தெரியும். முகாம் கூட்டத்தில், விசிறிக் காற்றில், இது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் ரத்த வங்கிக்கு வந்த பிறகு மறுபடியும் சோதிக்கிறோம், இரண்டு திசையிலும்: சிவப்பணுவில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் எதற்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், இருக்கிறது என்று ஒரு முறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் அட்டை எழுதுவோம்.

இந்த இரண்டாவது சோதனையில்தான் ரத்த வகைக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள முதல் உறவு தெரிகிறது. ஏ குரூப்காரர் உடம்பில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். பி குரூப்காரருக்கு ஏ-க்கு எதிரானது. ஓ-வுக்கு இரண்டும். ஏபி-க்கு ஒன்றும் இல்லை. ஏபி தவிர மற்றதை வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901ல் எழுதினார்; ஏபி அடுத்த வருடம் தெரியவந்தது. லேண்ட்ஸ்டைனருக்கு 1930ல் நோபல் பரிசும் வந்தது. சரி, ஒரு தடவைகூட வேறு ரத்தம் ஏற்றிக்கொள்ளாத ஆளுக்கு இந்த ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது? குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் மேல் ஏ, பி போன்ற சர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தை பிறந்து சில மாதங்களில் அவற்றோடு பழகி, தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி செய்துகொள்கிறது. அதனால்தான் பச்சைக் குழந்தைக்கு அந்த இரண்டாவது சோதனை எடுபடாது. எடுத்தாலும் தெரிவது பெரும்பாலும் அம்மாவின் ஆன்டிபாடிதான்.

சர்க்கரை என்றேன் இல்லையா, டீயில் போடுவது இல்லை. சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சங்கிலிகளின் நுனியில் உள்ள சின்னச் சர்க்கரை மூலக்கூறு. வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே வேட்டி, அதற்கு ஹெச் என்று பெயர். ஏ-க்கு ஒரு கரை, பி-க்கு வேறு கரை, ஏபி-க்கு இரண்டு கரையும். ஓ என்பது கரையில்லாத வெறும் வேட்டி. அபூர்வமாக வேட்டியே இல்லாதவர்களும் உண்டு: பாம்பே குரூப். 1952ல் டாக்டர் பெண்டேவும் அவருடன் வேலை பார்த்தவர்களும் மும்பையில் கண்டுபிடித்தது. இந்தியாவில் சுமாராகப் பத்தாயிரத்தில் ஒருவர். ஸ்லைடில் மட்டும் பார்த்தால் ஓ என்றுதான் தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினாலே அவர்களுக்கு ஆபத்து. இரண்டு திசையிலும் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தச் சர்க்கரை சிவப்பணுவில் மட்டும் இல்லை. குடலின் உள்சுவரில், ரத்தக் குழாயின் உள்பக்கத்தில், பலருக்கு எச்சிலிலும் சளியிலும்கூட இருக்கிறது. கிருமிக்கு உடம்பில் ஒட்டிக்கொள்ள ஏதாவது பிடி வேண்டும். சில கிருமிகள் இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. எல்லாக் கிருமியும் இல்லை, சிலதுதான். அதனால் "இந்த குரூப்புக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்" என்று பொதுவாக ஒரு செய்தி வந்தால் அங்கேயே மூடிவிடலாம். அப்படி ஒரு குரூப் கிடையாது. எந்தக் கிருமி என்று பெயர் சொல்லாத செய்தியைப் படிக்கவே வேண்டாம்.

பெயர் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி: நோய் தொற்றுவதைச் சொல்கிறார்களா, தொற்றிய பின் முற்றுவதைச் சொல்கிறார்களா? இதைப் பிரிக்காமல்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

காலரா நல்ல உதாரணம். ஓ குரூப்காரர்களுக்குக் காலரா கடுமையாக வருகிறது என்பது கங்கை டெல்டாப் பகுதியில், முக்கியமாக டாக்காவில், பல முறை பார்த்து உறுதியானது. அந்தப் பகுதியில் ஓ குரூப் ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதற்கே தலைமுறை தலைமுறையாக வந்த காலரா ஒரு காரணம் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. ஆனால் கவனியுங்கள்: மற்றவர்களுக்குத் தொற்றாது, ஓ-வுக்கு மட்டும் தொற்றும் என்பதில்லை. தொற்று எல்லாருக்கும்தான். ஓ-வுக்கு வயிற்றுப்போக்கு கடுமையாகும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். கடுமையான காலராவில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். மருத்துவம் பார்க்காமல் விட்டால் அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறக்கலாம். உப்புச்சர்க்கரைக் கரைசலும், தேவைப்பட்டால் டிரிப்ஸும் நேரத்துக்குக் கிடைத்தால் இறப்பு நூறில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடுகிறது. குரூப்பால் வரும் வித்தியாசம் இதன் பக்கத்தில் எங்கே? ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுப் பாக்கெட்டையும் கரைப்பது எல்லா குரூப்புக்கும் ஒன்றுதான். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கண்ணளவாகக் கரைத்துக் கொடுக்கிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குழந்தைக்கு அது கெடுதல்.

மலேரியாவில் கதை தலைகீழ். ஃபால்சிபாரம் என்கிற மலேரியா வகையின் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, சுற்றியிருக்கும் நல்ல சிவப்பணுக்களைத் தன்மேல் ஒட்டவைத்துப் பூ மாதிரி ஒரு கொத்து ஆகிவிடும். மூளையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை இந்தக் கொத்துகள் அடைப்பதுதான் பெரிய ஆபத்து. கொத்தாவதற்கு ஏ, பி சர்க்கரைகள் நல்ல பிடி. ஓ-வில் அந்தப் பிடி இல்லாததால் கொத்து சின்னதாக, தளர்வாக இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் குழந்தைகளிடம் செய்து 2007ல் வெளிவந்த ஆய்வில், ஓ குரூப் குழந்தைகளுக்கு மலேரியா மிகக் கடுமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைவாக இருந்தது. ரத்த வகை விஷயத்தில் இது பெரிய வித்தியாசம். இங்கேயும் அதே கதைதான்: ஓ-வுக்கும் மலேரியா வரும், காய்ச்சலும் குளிரும் வரும். முற்றுவதில்தான் வித்தியாசம்.

ஆனால் சென்னை மாதிரி ஊர்களில் அதிகம் பார்க்கும் மலேரியா வைவாக்ஸ் என்கிற வேறு வகை. அதற்கு ஏ, பி, ஓ முக்கியமில்லை. டஃபி என்று வேறொரு ரத்த வகை இருக்கிறது, அதுதான் வாசல். சிவப்பணுவில் டஃபி இல்லாதவர்களுக்குள் வைவாக்ஸ் நுழைவது மிகக் கடினம் என்று அமெரிக்க ஆய்வாளர் லூயி மில்லரும் சகாக்களும் எழுபதுகளில் காட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானவர்கள் அப்படி. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு டஃபி உண்டு, அதனால் வாசல் திறந்தே இருக்கிறது. உங்கள் அட்டையில் டஃபி எழுதியிருக்காது. சாதாரணமாகச் சோதிப்பதும் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட உபயோகம். நகரத்து மலேரியாக் கொசு அனோபிலஸ் ஸ்டீபன்சி அங்கேதான் முட்டையிடும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டஃபி வகையை 1950ல் லண்டனில் முதலில் விவரித்தவர்களில் ஒருவர் மேரி கட்புஷ். அதே கட்புஷ், ஹெர்மன் லேமனோடு சேர்ந்து 1952ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் குணம் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் மரபுக் குணம்) இருப்பதையும் எழுதினார். சிக்கிள் செல் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து காப்பாற்றும். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே நோய். மலேரியாவுக்கும் மனித ரத்தத்துக்கும் நடந்த நெடுங்காலச் சண்டையின் இரண்டு தடயங்களிலும் ஒரே பெண்ணின் பெயர் இருக்கிறது. லேபில் வேலை பார்க்கும் பெண்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

வயிற்றுக்குள் ஒட்டும் மற்ற கிருமிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். நோரோ வைரஸ், அதாவது வாந்தியும் பேதியுமாக ஒரு ஹாஸ்டலையே படுக்கவைப்பது, அதன் பல வகைகளுக்கு எச்சிலிலும் குடல் சளியிலும் இந்தச் சர்க்கரை சுரக்கிறவர்கள்தான் சுலப இரை. சுரக்காதவர்களுக்கு அந்த வகைகள் தொற்றுவது அபூர்வம். ஏ-யா ஓ-வா என்பதைவிட, சுரக்கிறதா இல்லையா என்பதே இதில் பெரிய விஷயம். அதைத் தீர்மானிப்பது எஃப்.யு.டி.2 என்கிற வேறொரு மரபணு. அடுத்து, பயணிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியா. தன்னார்வலர்களுக்கு அதைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்ததில் ஏ குரூப்காரர்களுக்குத்தான் கடுமையாக வந்தது, 2018ல் வெளியானது. அப்புறம் வயிற்றுப்புண். ஓ குரூப்பில் குடல்புண் கொஞ்சம் அதிகம் என்று 1950களிலேயே எழுதிவிட்டார்கள். புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பாக்டீரியா ரத்த வகைச் சர்க்கரையில் ஒன்றைப் பிடித்து இரைப்பையில் ஒட்டுகிறது என்பது அதற்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு வித்தியாசம்? "ஏ குரூப்புக்கு 45 சதவீதம் ஆபத்து அதிகம்" என்று 2020ல் எல்லாப் பேப்பரிலும் வந்தது. எங்கள் ரத்த வங்கிக்கு ஏ குரூப்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அந்த எண் வந்த ஆய்வு உண்மையானதுதான், நல்ல ஆய்வுதான். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கொரோனாவால் மூச்சு செயலிழந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களை வைத்துச் செய்தது. ஓ-வுக்கு 35 சதவீதம் குறைவு என்றும் அதில் இருந்தது. இப்போது கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் மற்ற குரூப்காரர்கள் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் முற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 சதவீதம் அதிகம் என்றால் ஏ குரூப்பில் ஆயிரத்துக்குப் பதினான்கு, பதினைந்து பேர். நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இல்லை! போனில் பேசியவர்களில் பலர் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்கள். எழுபது வயதுக்காரருக்கும் முப்பது வயதுக்காரருக்கும் இருந்த வித்தியாசமோ சதவீதக் கணக்கில் இல்லை, பல மடங்குக் கணக்கில்.

நான்காவது கேள்வியை என் தொழிலில் இருப்பவர்கள்தான் முதலில் கேட்பார்கள்: யாரோடு ஒப்பிட்டார்கள்? நோயாளிகளை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் ஆரோக்கியமானவர்கள் வேண்டும். சுலபமாகக் கிடைப்பவர்கள் ரத்த தானம் செய்கிறவர்கள். ஆனால் தானம் செய்கிறவர்கள் ஊரின் சரியான மாதிரி இல்லை. ஓ-வுக்குத் தேவை அதிகம் என்பதால் ஓ-காரர்களைத்தான் நாங்கள் தேடித் தேடி அழைக்கிறோம். என் போனில் ஓ நெகட்டிவ்காரர்களின் நம்பர் தனி லிஸ்ட். ஆக, ஒப்பிடும் பக்கத்தில் ஓ இயல்பைவிடக் கூடிவிடும். நோயாளிகள் பக்கம் ஓ குறைந்த மாதிரி தெரியும். இந்த ஒரு காரணத்தால் எல்லாமே பொய்யாகிவிடாது. ஆனால் தானம் செய்தவர்களை வைத்து மட்டும் ஒப்பிட்டிருந்தால் நான் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிப்பேன். அமெரிக்காவில் யூட்டா பக்கத்து மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2021ல் வெளியிட்ட ஆய்வில் ரத்த வகைக்கும் கொரோனாவுக்கும் தொடர்பே தெரியவில்லை. பெரியம்மைக்கும் இதே கதை நடந்தது. ஏ குரூப்புக்குக் கடுமை என்று 1960களில் ஃபோகல், சக்ரவர்த்தி என்ற ஆய்வாளர்கள் மேற்கு வங்காள, பீகார் கிராமங்களில் பார்த்து எழுதினார்கள். வேறு இடங்களில் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இந்த நான்கு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு டெங்குவைப் பாருங்கள். எந்தக் கிருமி? சொல்லியாயிற்று. தொற்றுவதா முற்றுவதா? வாட்ஸப்பில் அது இல்லை. எவ்வளவு? இல்லை. யாரோடு? இல்லை. உண்மையான ஆய்வுகளும் ஒரு ஊரில் ஏபி-க்குக் கடுமை, இன்னொரு ஊரில் ஓ-வுக்குக் கடுமை என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகை வந்துபோனவருக்கு இரண்டாவதாக வேறு வகை வரும்போது முற்றும் வாய்ப்பு கூடுகிறது. குரூப்பைவிட இதுதான் பெரிய விஷயம். ஓ குரூப் என்ற தைரியத்தில் யாரும் வீட்டிலேயே கிடக்க வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் கண்காணிக்க வேண்டிய நேரம். விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், கடையில் பெயர் தெரியாமல் தரும் கலவை மாத்திரை எதுவும் வேண்டாம்.

கொசுவுக்கு ஓ பிடிக்குமா என்றால், ஜப்பானில் 60 சொச்சம் பேரை வைத்து ஒரு ஆய்வு 2004ல் வந்தது. கடிக்காமல் இருக்கக் கொசுவின் ஊசிவாயை வெட்டிவிட்டு, யார் கையில் அதிகம் உட்காருகிறது என்று எண்ணினார்கள். ஓ-காரர்கள் கையில் ஏ-காரர்களைவிட அதிகமாக உட்கார்ந்தது. சின்ன ஆய்வு. நீங்கள் விடும் மூச்சு, வியர்வை, உடல் சூடு இவைதான் கொசுவை அதிகம் இழுக்கின்றன. வலை கட்டுங்கள்.

ரத்த வகைக்கேற்ற உணவு, ரத்த வகைக்கேற்ற சத்துமாவு என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 1,455 பேரை வைத்து 2014ல் பார்த்துவிட்டார்கள். அந்த உணவு முறைகளில் சிலது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் எந்த குரூப்காரர் சாப்பிட்டாலும் அதே நன்மைதான்.

அப்படியென்றால் குரூப் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். ரத்தம் ஏற்றும்போது உயிர் காக்கும். கர்ப்பிணிக்கு நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்றால் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மாவின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்யாமல் தடுக்க, வழக்கமாக 28-வது வாரம் ஒரு ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசி பற்றிக் கேளுங்கள், பலர் விட்டுவிடுவது அங்கேதான். நம் ஊரில் நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்து பேர் சுமார், அதனால் வீட்டில் யார் நெகட்டிவ் என்று தெரிந்துவைத்திருப்பது அவசரத்துக்கு உதவும்.

தொற்றும் ரத்தமும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது: காய்ச்சல் வந்துபோனவர்கள் ரத்தம் கொடுப்பது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தையும் பார்க்கிறோம். டெங்கு அந்தப் பட்டியலில் இல்லை, நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். மலேரியா முழுசாகக் குணமாகி மூன்று மாதம், டெங்கு அல்லது சிக்குன்குனியா என்றால் ஆறு மாதம், டைஃபாய்டு என்றால் பன்னிரண்டு மாதம் கழித்து வாருங்கள். படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேராக "இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காமல், என்ன காய்ச்சல், எந்த மாதம் என்று எழுதுங்கள். எழுதத் தோன்றாவிட்டால் படுக்கும் முன் எங்களிடம் வாயால் சொன்னாலும் போதும்.